பால் சொசைட்டிக்கு எந்த பேட்டரி: ட்யூபுலரா, சீல்டா, லித்தியமா?

எங்கள் பால் சொசைட்டி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் இப்பால் இருக்கிறது. காலை ஐந்தரைக்கெல்லாம் கேன்கள் வரத் தொடங்கிவிடும். எடை போடும் தராசு, கொழுப்பு பார்க்கும் மெஷின், கம்ப்யூட்டர், ரசீது அடிக்கும் பிரிண்டர், நாலு லைட், இரண்டு ஃபேன் எல்லாமே இன்வெர்ட்டரில்தான் ஓடும். பால் குளிரூட்டும் டேங்குக்குத் தனி ஜெனரேட்டர் உண்டு, அதை இதில் சேர்க்கவில்லை.

2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது நினைவிருக்கும். அந்தக் கோடையில் ஒரு காலை கரண்ட் போனது. பத்தே நிமிடத்தில் இன்வெர்ட்டர் கீகீ என்று கத்திவிட்டு அணைந்தது. கேனோடு வரிசையில் நின்றவர்கள் முன்னால் டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எழுதி அன்றைய கொள்முதலை முடித்தோம். அப்புறம் போய் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தால், இரண்டில் ஒன்றின் மூன்றாவது செல்லில் தண்ணீரே இல்லை. தகடு வெளியே தெரிந்தது, அதுவும் வெளுத்துப்போய். வாங்கி நாலு வருடம்கூட ஆகவில்லை.

யார் தண்ணீர் ஊற்ற வேண்டியது? நான் பார்ப்பேன் என்று செகரட்டரி இருந்திருக்கிறார், செகரட்டரி பார்ப்பார் என்று நான் இருந்தேன். கோயமுத்தூரில் பத்து வருடம் யு.பி.எஸ். சர்வீஸ் பார்த்துவிட்டு ஊருக்குத் தோப்பு பார்க்க வந்தவன் நான். எனக்குத்தான் கூடுதல் வெட்கம். வெட்கத்தோடு பயமும் சேர்ந்தது. பேட்டரிக்கு நேர் மேலே சாமி படம் வைத்த பலகை. அதில் தினமும் காலை எண்ணெய் விளக்கு ஏற்றுகிறார்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றைவிட லேசானது, நேராக மேலேதான் போகும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். இத்தனை வருடம் ஒன்றும் ஆகாததற்கு, கதவை எப்போதும் திறந்தே போட்டிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சாமியை அன்றைக்கே எதிர்ச்சுவருக்கு மாற்றினோம்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்று விலைப்பட்டியல் மேசைக்கு வந்தன. 150 ஆம்பியர்-அவர் (பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு) ட்யூபுலர் இரண்டு, அதாவது மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் ஈய-ஆசிட் வகை; 100 ஆம்பியர்-அவர் சீல்டு இரண்டு, அதுவும் ஈய-ஆசிட்தான், ஆனால் திறக்க முடியாதபடி மூடியது; 24 வோல்ட் இன்வெர்ட்டருக்குப் பொருந்தும் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பெட்டி ஒன்று. எல்லோரும் பார்த்தது இரண்டு எண்களைத்தான்: விலை, வாரண்டி வருடம். நான் மூன்றாவதாக ஒன்று கேட்டேன்: மாதம் ஒருமுறை இதன் முன்னால் குந்தி உட்காரப் போகிறவர் யார்? அந்த ஆளைப் பொறுத்துத்தான் எந்த பேட்டரி என்பதே. ஆள் இல்லாத இடத்தில் ட்யூபுலர் வாங்குவது, கறக்க ஆள் இல்லாமல் மாடு வாங்குவது மாதிரி.

முதலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லோடு சுமார் 400 வாட். ஈயத் தகடும் ஆசிடும் உள்ள பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். லித்தியத்தை நூற்றுக்கு 80 வரை இறக்கலாம். இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்துப் போட்டால் ட்யூபுலர் மூன்றரை மணி நேரம், சீல்டு இரண்டரை, லித்தியம் நாலுக்குச் சற்று மேல். எங்களுக்கு ஒரு வேளைக் கொள்முதல் இரண்டு மணி நேரம். ஆக மூன்றுமே போதும். சண்டை வேறு இடத்தில்.

ட்யூபுலரின் பெரிய நல்ல குணம், அதற்குள் எட்டிப் பார்க்கலாம். ஆறு செல்லுக்கும் ஆறு மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் தண்ணீர் குறைவு, அது பார்த்தாலே தெரியும். தெரியாதது செல்லின் உடம்பு. அதற்கு ஹைட்ரோமீட்டர் வேண்டும். கண்ணாடிக் குழாயில் ஆசிடை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குச்சி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கும் கருவி. தண்ணீரை 1000 என்று வைத்தால், முழு சார்ஜில் ஆசிட் 1240 அருகே நிற்க வேண்டும் (கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும், பெட்டி மேலேயே போட்டிருப்பார்கள்), 1180 என்றால் ஏறக்குறையப் பாதி. ஆறு செல்லும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் சார்ஜ் போதவில்லை என்று அர்த்தம். ஐந்து 1235, ஒன்று மட்டும் 1200 என்றால் அந்த ஒன்று நோயாளி. இந்த வித்தியாசத்தை வேறெந்த வகையும் உங்களுக்கு இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது.

இதைக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது பால் பரிசோதிக்கும் அக்கா குறுக்கே வந்தார். "ஏன் தம்பி, இது நம்ம லாக்டோமீட்டர்தானே?" அதேதான்! பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று இருபது வருடமாக மிதவைக் கோட்டைப் படிக்கிறவர் அவர். மெஷின் வருவதற்கு முன் கெர்பர் முறையில் கொழுப்பு பார்த்தவரும்கூட. குழாயில் 10 மில்லி அடர் சல்பியூரிக் ஆசிட், அதன் மேல் 10.75 மில்லி பால், ஒரு மில்லி அமைல் ஆல்கஹால் என்று கை தன்னால் போகும். பேட்டரியில் இருப்பதும் அதே ஆசிட்தான், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீர்த்தது. ஆசிட் என்றால் என்ன என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, சேலையில் ஓட்டை விழுந்த அனுபவம் உண்டு. ஆள் கிடைத்துவிட்டார் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனாலும் ட்யூபுலர் பார்ப்பது பால் பார்ப்பது போலச் சும்மா இல்லை, சில ஒழுங்குகள் வேண்டும். மூடி திறப்பதற்கு முன் இன்வெர்ட்டரின் சார்ஜை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரம் விட வேண்டும். அந்த அறையில் பீடி, ஊதுபத்தி, தீக்குச்சி ஆகாது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று லைட்டர் கொளுத்தி உள்ளே பார்த்தவர்களை என் சர்வீஸ் காலத்தில் கண்ணால் கண்டிருக்கிறேன். டார்ச் அடித்துப் பாருங்கள், அதையும் பேட்டரிப் பக்கம் வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி, ரப்பர் கையுறை, பூட்ஸ். வளையல், மோதிரம், வாட்ச், கழுத்தில் தொங்கும் செயின் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்பார்கள். உண்மைதான், அடிக்காது. ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு மோதிரமோ ஸ்பானரோ விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். மோதிரம் பழுத்து விரலோடு ஒட்டும். அதனால்தான் ஸ்பானரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறோம். கேபிளைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ் என்று அக்காவுக்குப் பழக்கினேன்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் பகுதிக்கு ஒரு தனி எச்சரிக்கை. இங்கே போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். அதை பேட்டரியில் ஊற்றினால் அந்த உப்பெல்லாம் தகட்டில் போய் உட்காரும். ஃபில்டர் தண்ணீரும் வேண்டாம், ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றும் கெட்டிக்காரத்தனமும் வேண்டாம். கேனில் வரும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆசிட் ஒருபோதும் ஊற்றக் கூடாது, குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. முழு சார்ஜுக்குப் பிறகு ஊற்றுவதே சரி, ஏனென்றால் சார்ஜில் மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் வழிந்துவிடும். தகடு வெளியே தெரிகிற அளவுக்குக் காய்ந்திருந்தால் மட்டும் முதலில் தகடு மூழ்க ஊற்றி, சார்ஜ் போட்டு, மீதியை அப்புறம் ஊற்ற வேண்டும். ஊற்றிய கையோடு ஹைட்ரோமீட்டர் போட்டால் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் அளப்பீர்கள்.

டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பூவுக்கு ஆப்ப சோடா கரைத்த வெந்நீரும் பழைய டூத் பிரஷும் போதும். மூடிகள் இறுக்கி இருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும். துடைத்துக் காய்ந்த பின் வாசலின் தடவினால் சில மாதம் பூக்காது. பெட்டியை ஈரப் பருத்தித் துணியால் துடையுங்கள், உலர்ந்த நைலான் துணி தீப்பொறி கிளப்பும். கண்ணில் ஆசிட் தெறித்தால் சோடாவைத் தேடாதீர்கள். பதினைந்து இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரி. பால் சொசைட்டியில் குழாய்க்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அதுவே ஒரு தொல்லையும்தான். தினமும் தரையை ஹோஸ் அடித்துக் கழுவுகிறோம், அந்தத் தண்ணீர் எட்டாத உயரத்தில் பேட்டரி இருக்க வேண்டும்.

சீல்டு பேட்டரிக்கு வருவோம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆசிட் சிந்தாது, வாயு வெளியே வருவதும் குறைவு. உள்ளேயே திரும்பத் தண்ணீராகச் சேர்ந்துகொள்ளும். அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) கம்ப்யூட்டருக்கு அடியில் இருக்கும் சின்ன யு.பி.எஸ்.ஸுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் எங்கள் வெயிலில், தகரக் கூரையின் கீழ், பெரிய அளவில் இதை வைக்க எனக்கு மனம் இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8, 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஈய பேட்டரியின் ஆயுசு பாதியாகும் என்பது கணக்கு. ட்யூபுலரும் இதில் அடிபடும், ஆனால் காய்ந்த தண்ணீரை அதில் திரும்ப ஊற்றலாம். சீல்டில் காய்ந்தது காய்ந்ததுதான். இன்னொன்று, இதற்கு சார்ஜ் வோல்டேஜ் துல்லியமாக இருக்க வேண்டும். எப்போதும் மாட்டியே வைக்கும்போது 13.5 முதல் 13.8 வரை, வெயிலில் அதையும் குறைக்க வேண்டும். நம் வீட்டு இன்வெர்ட்டர் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் 'ட்யூபுலர்' பக்கமே கிடந்தால் சீல்டு பேட்டரி வெந்துபோகும். பக்கம் உப்பினாலோ அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ சார்ஜை நிறுத்தி, காற்றோட்டம் விட்டு, ஆறிய பின் அகற்றிவிடுவதைத் தவிர அதில் செய்ய ஒன்றும் இல்லை.

உள்ளே பார்க்க முடியாத பேட்டரியைச் சோதிக்க ஒரே வழி வேலை கொடுத்துப் பார்ப்பது. மெயினை அணைத்து, தெரிந்த லோடை ஒரு மணி நேரம் ஓட விட்டு, இரண்டு பேட்டரியின் வோல்டேஜையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் குறிக்கலாம். ஒன்று மற்றதைவிட அரை வோல்ட் கீழே போனால் அதன் காலம் நெருங்கிவிட்டது. ட்யூபுலருக்கும் இதைச் செய்யலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யவும் வேண்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மீட்டர் காட்டும் 13.5ஐ நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. சில மணி நேரம் சும்மா விட்டபின் 12.7 காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதி.

லித்தியத்தின் மேல்தான் குழுவில் இளையவர்களுக்கு ஆசை. நியாயமும் உண்டு. நிரப்பிய ட்யூபுலர் ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், லித்தியம் பெட்டியை ஒருவரே தூக்கி வைத்துவிடலாம். ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், சீக்கிரம் சார்ஜ் ஆகும், ஆசிட் இல்லை, ஹைட்ரஜனும் இல்லை. இன்வெர்ட்டருக்கு வருவது பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் வகை. போனில் இருக்கும் வகையைவிடச் சூட்டைத் தாங்கும். 1997இல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் குழு வெளிக்கொண்டு வந்த வேதியியல் அது. அவரோடு பல காலம் உழைத்த ஆறுமுகம் மந்திரம் தென் தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர். 2019இல் லித்தியம் பேட்டரிக்காக நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்காக உரை நிகழ்த்தியவரும் அவரே. கூட்டத்தில் இதைச் சொன்னதும் லித்தியத்துக்கு இரண்டு ஓட்டு கூடியது!

நான் தயங்கியதற்கு வேறு காரணங்கள். லித்தியத்தில் நீங்கள் பார்க்கக் கூடியது பெட்டியின் வெளிப்புறமும் டெர்மினல் இறுக்கமும் ஆப்பில் வரும் எண்களும்தான். மற்றதையெல்லாம் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும்) பலகை பார்க்கிறது. வோல்டேஜை வைத்து மீதி எவ்வளவு என்று சொல்லவும் முடியாது, கடைசி வரை ஒரே மட்டத்தில் நின்றுவிட்டு திடீரென்று விழும். அந்தப் பலகை எலக்ட்ரானிக்ஸ். துலா (ஐப்பசி) மாத இடி எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எர்த்திங்கும் இடிதாங்கும் சாதனமும் சரியாக இல்லாத கட்டிடத்தில் பலகை போனால் பெட்டியே போன மாதிரி. பழைய இன்வெர்ட்டருக்கு லித்தியம் செட்டிங் இல்லாவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். ட்யூபுலரைக் கொதிக்கவிட்டு அதன் செல்களைச் சமன்செய்யும் சார்ஜ் லித்தியத்துக்கு ஆகவே ஆகாது. எங்கள் பழைய இன்வெர்ட்டரில் அந்த செட்டிங் இல்லை, ஆகவே அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் ட்யூபுலரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது.

பிறகு, யார் செய்த பெட்டி என்பது. பழைய செல்களைப் பொறுக்கிக் கட்டி ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் நடக்கிறது. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, பில், செல் எப்போது தயாரானது என்ற விவரம் மூன்றும் இல்லாமல் விலை குறைவு என்று வாங்காதீர்கள். பெட்டி உப்பினால், இனிப்பான கரைப்பான் வாடை வந்தால், அதைத் திறக்கவோ குத்தவோ கூடாது. இணைப்பைத் துண்டித்து, முடிந்தால் வெளியே வெட்டவெளியில் வைத்துவிட்டு, விற்றவரைக் கூப்பிட வேண்டும். புகையே வந்துவிட்டால் ஆட்களை வெளியேற்றி 101. படிக்கட்டின் அடியிலும் வெளியேறும் ஒரே வாசல் பக்கத்திலும் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

எல்லையில் இருப்பதால் எங்களுக்கு ஒரு கேள்வி கூடுதல்: பொள்ளாச்சியில் வாங்குவதா, பாலக்காட்டிலா? ஜி.எஸ்.டி. வந்தபின் வரியில் பேதம் இல்லை. பொள்ளாச்சியில் நூறு இருநூறு குறையும், பேச்சும் தமிழில் நடக்கும். ஆனால் வாரண்டிக்கு ஆள் வர வேண்டுமே. "கேரளாவா? அங்கே எங்க ஏரியா இல்லீங்களே" என்று போனை வைத்த அனுபவம் என் தோப்பு வீட்டு பேட்டரிக்கே உண்டு. ஆகவே கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்கு முதலில் நம் பின்கோடைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போனேன். பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பதற்கு இரண்டு பக்கமும் தயார். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. ஆசிடைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் வாங்கிப் போகும் ஆக்கர் (பழைய சாமான்) கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இதற்கிடையில் ஒரு கடைக்காரர், "கெட்டது ஒண்ணுதானே, அதை மட்டும் மாத்துங்க" என்று யோசனை சொன்னார். தொடராகக் கட்டிய இரண்டில் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பழசு சீக்கிரம் நிரம்பிக் கொதிக்கும், சீக்கிரம் காலியாகிப் புதுசையும் இழுத்துக் கீழே போடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரே கம்பெனி, ஒரே மாதத் தயாரிப்பு.

கடைசியில் சொசைட்டிக்கு ட்யூபுலர் இரண்டு வாங்கினோம். மேற்குச் சுவரிலிருந்து வடக்கு வராந்தாவுக்கு மாற்றி, சிமெண்டுத் திண்ணை கட்டி, பிளாஸ்டிக் ட்ரேயில் வைத்தோம். கம்பி வலைக் கதவு எலிக்கும் குழந்தைகளுக்கும். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போட்டோம், முன்பு மாட்டியவர் அதைப் போடவே இல்லை. பக்கத்தில் கயிற்றில் ஒரு நோட்டு. பன்னிரண்டு செல்லுக்கும் பன்னிரண்டு கட்டம், மாதம் ஒரு வரி. பொறுப்பு அக்காவுடையது, அதற்கு மாதம் ஒரு தொகை என்று தீர்மானமும் எழுதினோம். சும்மா பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தால் திரும்பவும் நானா நீயா என்றுதான் ஆகியிருக்கும்.

அதே மாதம் வேலந்தாவளத்தில் தனியாக இருக்கும் என் அத்தை வீட்டுக்கு நானே லித்தியம் வாங்கி மாட்டினேன். மகன் பெங்களூரில், அத்தைக்கு முழங்கால் வலி, குனிந்து மூடி திறக்க அங்கே யாரும் கிடையாது. இரண்டு ஃபேன், மூன்று லைட்டுக்குச் சின்னப் பெட்டி போதும், ஆகவே விலையும் தாங்கியது. எர்த்திங்கை மட்டும் புதிதாகப் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் டெர்மினல் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வருகிறேன். அத்தை இன்னும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்: "இதுக்குத் தண்ணி எங்கடா ஊத்தறது?"

சொசைட்டி நோட்டில் போன மாதம் இரண்டாவது பேட்டரியின் ஐந்தாவது செல் 1225, மற்றவை 1240. அக்கா அதைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஒரு முழு சார்ஜ் கொடுத்து அடுத்த வாரம் மறுபடி அளக்கப் போகிறோம்.